காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஹெலிகாப்டர் பயிற்சியில் நான் கற்ற காற்றியக்கவியல்

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேரும் மாணவரின் கையில் தொடக்கத்திலேயே காற்றியக்கவியல் குறித்த ஒரு பெரிய பாடப்பகுதி வந்து சேர்கிறது. தரை விளைவு, முன்னகர்வுத் தூக்குவிசை, தூக்குவிசைச் சமனின்மை, சுழல் வளைய நிலை, ஆட்டோரொட்டேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயமும் ஒரு வரையறையும் ஒரு மீட்பு முறையும் இருக்கும். தேர்வுக்கு அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் வலக்கையில் சைக்ளிக்கும் (தலைக்கு மேல் சுழலும் ரோட்டாரை வேண்டிய பக்கம் சாய்க்கும் பிடி) இடக்கையில் கலெக்டிவும் (ரோட்டாரின் இறக்கைகளான பிளேடுகள் அனைத்தின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் நெம்புகோல்) இருக்கும்போது அவை அத்தியாயம் அத்தியாயமாக வருவதில்லை. ஹோவரிலிருந்து, அதாவது காற்றில் ஒரே இடத்தில் நிற்கும் நிலையிலிருந்து, முன்னே நகரத் தொடங்கும் சில வினாடிகளுக்குள் நான்கைந்து விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அவற்றையெல்லாம் ஒரே சரட்டில் கோத்துப் பார்க்க எனக்கு உதவியது ஒரு கேள்விதான்: இந்தக் கணத்தில், பிளேடின் மீது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிறகு பாடமும் பறத்தலும் எனக்கு ஒன்றாகிவிட்டன. இப்போது பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இனிச் சேரப்போகிறவர்களுக்கும் அதை விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் பயிற்சி பெற்றது ராபின்சன் ஆர்22 வகை ஹெலிகாப்டரில். இருவர் மட்டுமே அமரக்கூடிய, இரண்டு பிளேடுகள் கொண்ட, 1979இல் சான்றளிக்கப்பட்டு இன்றளவும் பல நாடுகளில் பயிற்சிக்குப் பயன்பட்டுவரும் சிறிய ஹெலிகாப்டர் அது. அதன் ரோட்டாரின் விட்டம் 7.67 மீட்டர். புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 1,370 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 621 கிலோ. பிளேடின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 205 மீட்டர் வேகத்தில் வட்டமிடுகிறது. இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொண்டால், கீழே வரும் கணக்குகள் அனைத்தையும் எவரும் தாமாகவே போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்ப்பதுதான் நல்லதும்கூட.

கலெக்டிவை உயர்த்தும்போது நம் கை மாற்றுவது பிளேடின் பிட்ச் கோணத்தை. பிளேடு தன் சுழற்சித் தளத்தோடு செய்யும் கோணம் அது. ஆனால் தூக்குவிசையைத் தீர்மானிப்பது பிட்ச் கோணமன்று. எதிரே வரும் காற்றோடு பிளேடு செய்யும் தாக்குகோணம். காற்று சரியாகக் கிடைமட்டமாக வந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அப்படி அது வருவதே இல்லை. ஹெலிகாப்டர் காற்றில் நிற்க வேண்டுமானால் ரோட்டார் இடைவிடாமல் காற்றைக் கீழே தள்ள வேண்டும். அப்படித் தள்ளப்படும் காற்றுக்குள்தான் அடுத்த பிளேடு வந்து நுழைகிறது. ஆகவே பிளேடைப் பொறுத்தவரை காற்று முன்னிருந்து மட்டுமல்லாமல் சற்று மேலிருந்தும் வருகிறது. கீழிறங்கிக்கொண்டிருக்கும் நகரும் படிக்கட்டில் மேலே ஏறுகிறவர் தம் உழைப்பில் ஒரு பகுதியை நின்ற இடத்தில் நிற்பதற்கே செலவிடுவதைப் போல, பிட்ச் கோணத்தின் ஒரு பகுதி இந்தக் கீழ்நோக்கிய காற்றை ஈடுகட்டுவதற்கே போய்விடுகிறது.

எவ்வளவு போகிறது என்பதைக் கணக்கிடலாம். ஆர்22இன் உச்ச எடையை அதன் ரோட்டார் வட்டத்தின் பரப்பான 46 சதுர மீட்டரால் வகுத்து, கடல் மட்டக் காற்றின் அடர்த்தியைக் கொண்டு பார்த்தால், ஹோவரில் ரோட்டாரின் ஊடாகக் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 7.3 மீட்டர் வேகத்தில் கீழே பாய்கிறது என்று விடை வரும். பிளேடின் முக்கால் நீளத்தில் உள்ள ஒரு புள்ளி வினாடிக்கு 154 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 154 மீட்டர் கிடைமட்டத்திலும் 7.3 மீட்டர் செங்குத்திலுமாக ஒரு முக்கோணம் வரைந்தால், காற்று வரும் திசையின் சாய்வு 2.7 பாகை. அந்த இடத்தில் பிட்ச் கோணம் 9 பாகை என்று வைத்துக்கொண்டால் தாக்குகோணம் 6.3 பாகைதான். தூக்குவிசையைப் பொறுத்தவரை 2.7 பாகை சிறிய தொகையன்று. இந்த முக்கோணத்தை என் குறிப்பேட்டில் அளவுகோல் வைத்து வரைந்த பிறகுதான், கலெக்டிவை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் ஹெலிகாப்டர் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. நம் கை பிட்ச் கோணத்தை மாற்றாமல் வைத்திருக்கலாம். காற்றின் சாய்வு மாறினால் தாக்குகோணமும் மாறிவிடும்.

தரை விளைவு இதன் முதல் எடுத்துக்காட்டு. ஹெலிகாப்டர் தரையில் ஊன்றி நிற்கும் சறுக்குக்கட்டைகள் தரைக்கு நான்கைந்து அடி உயரத்தில் இருக்க ஹோவர் செய்யும்போது, ஆர்22இன் ரோட்டார் தரையிலிருந்து ஏறத்தாழ அதன் விட்டத்தில் பாதி உயரத்தில் சுழல்கிறது. கீழே போகும் காற்றைத் தரை தடுப்பதால் அதன் வேகம் குறைகிறது. முக்கோணத்தின் செங்குத்துக் கோடு சிறுக்கிறது. அதே பிட்ச் கோணத்துக்குக் கூடுதல் தாக்குகோணம் கிடைக்கிறது. விட்டத்தின் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் இந்த உதவி ஏறக்குறைய இல்லாமல் போகிறது. உயரமான புல், சரிவான நிலம், நீர்ப்பரப்பு ஆகியவற்றின் மேலும் அது குறைகிறது. கடினமான தளத்தின் மேல் ஹோவர் செய்துகொண்டிருந்துவிட்டு, அடர்ந்த புல்லின் மேல் மெல்ல நகர்ந்தபோது ஹெலிகாப்டர் சற்றே அமிழ்வதையும், அதைத் தாங்க கலெக்டிவைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருப்பதையும் என் பயிற்றுநர் வேண்டுமென்றே காட்டினார். புறப்படும் இடத்தில் ஹோவர் செய்யப் போதுமானதாக இருக்கும் எஞ்சின் சக்தி, இறங்கும் இடத்தில் தரை விளைவின்றி ஹோவர் செய்யவும் போதுமா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் செயல்திறன் அட்டவணையில் பார்த்துக்கொள்வதற்கான காரணம் இதுதான். வெப்பமும் உயரமும் கூடும்போது காற்று மெலிகிறது. அப்போது இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது.

ஹோவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்22இன் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே உடல் வலப்பக்கம் திரும்ப முனைகிறது. வால் ரோட்டார் அதை எதிர்த்து வாலை வலப்பக்கமாகத் தள்ளுகிறது. திருப்பம் நின்றுவிடும், ஆனால் அந்தத் தள்ளுவிசை முழு ஹெலிகாப்டரையும் வலப்பக்கம் நகர்த்தப் பார்க்கும். அதற்கு ஈடாக ரோட்டார் வட்டத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதன் விளைவைக் கண்ணெதிரே காணலாம். இருவரும் அமர்ந்த நிலையில் கலெக்டிவை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினால், முதலில் உடல் இலேசாகிறது. பிறகு வலது சறுக்குக்கட்டை தரையைவிட்டு எழுகிறது. இடது சறுக்குக்கட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதங்கள் வால் ரோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெடல்களில் திருப்பத்தைத் தேடித்தேடிச் சரிசெய்துகொண்டிருக்க, கடைசியாக அதுவும் எழுகிறது. இந்த இடைப்பட்ட நேரம் மிகவும் கவனத்துக்குரியது. ஒரு சறுக்குக்கட்டை மண்ணிலோ ஏதேனும் ஒரு தடையிலோ சிக்கியிருக்கும்போது அதையே அச்சாகக்கொண்டு ஹெலிகாப்டர் உருளத் தொடங்கினால், குறிப்பிட்ட ஒரு கோணத்துக்குப் பிறகு சைக்ளிக்கால் அதை மீட்க முடியாது. கலெக்டிவைச் சீராக இறக்குவதே வழி. சிக்கியது வலது சறுக்குக்கட்டையாக இருந்தால் வால் ரோட்டாரின் தள்ளுவிசையும் உருள்வதற்கே துணைபோகும். அதனால்தான் தரையிலிருந்து எழுவதை எப்போதும் அவசரமின்றிச் செய்ய வேண்டும் என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்கிறார்கள்.

இனி, ஹோவரிலிருந்து முன்னே நகர்வதற்கு வருவோம். பயிற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏனெனில் காற்றியக்கவியலை இவ்வளவு தெளிவாக உடலால் உணரக்கூடிய வேறோர் இடம் இல்லை. சைக்ளிக்கை முன்பக்கம் இலேசாக அழுத்தியவுடன் ஹெலிகாப்டர் முன்னே நகர்கிறது. கூடவே சற்று அமிழ்கிறது. தூக்குவிசையின் ஒரு பகுதி முன்னோக்கிச் சாய்ந்துவிட்டதும், தரை விளைவின் மெத்தையை விட்டு நகர்வதும் அதற்குக் காரணங்கள். 10 நாட் வேகத்தைத் தாண்டும்போது இருக்கைக்கடியில் ஓர் அதிர்வு எழுகிறது. ஹெலிகாப்டர் வலப்பக்கம் சாயப் பார்க்கிறது. 16 முதல் 24 நாட் வரையிலான வேகத்தில், அதாவது மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், அதிர்வு அடங்குகிறது. மூக்கு மேலே எழுகிறது. கலெக்டிவைத் தொடாமலே ஹெலிகாப்டர் ஏறத் தொடங்குகிறது. அதே வேளையில் மூக்கு இடப்பக்கமும் திரும்புகிறது. முதல் சில முறை இவை எல்லாம் ஒரே குழப்பமாகத்தான் தெரியும்.

முக்கோணத்தைக் கையிலெடுத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வேகம் கூடக் கூட ரோட்டார் தான் கீழே தள்ளிய காற்றைப் பின்னே விட்டுவிட்டு, கலையாத புதிய காற்றுக்குள் நுழைகிறது. கீழ்நோக்கிய பாய்ச்சல் குறைவதால் தாக்குகோணம் கூடுகிறது; அதனால் ஏற்றம். முன்னகர்வுத் தூக்குவிசை என்பது இதுதான். ஆனால் ரோட்டார் வட்டத்தின் முன்பகுதிக்குப் புதிய காற்று முதலில் கிடைக்கிறது. பின்பகுதியோ இன்னமும் கீழே தள்ளப்பட்ட காற்றிலேயே உழல்கிறது. ஆகவே முன்னே தூக்குவிசை கூடுதல், பின்னே குறைவு. அப்படியானால் மூக்கல்லவா எழ வேண்டும், ஏன் வலப்பக்கம் சாய்கிறது என்ற கேள்வி எழும். சுழலும் பிளேடில் ஒரு விசை செயல்பட்டால் அதன் விளைவு ஏறத்தாழ கால்வட்டம் கழித்தே உச்சத்தை அடைகிறது. இடஞ்சுழியாகச் சுழலும் ரோட்டாரில் முன்னே பெற்ற கூடுதல் தூக்குவிசை, பிளேடு இடப்பக்கம் வரும்போது அதை உயர்த்துகிறது. எனவே வட்டம் வலப்பக்கம் சாய்கிறது. வால் ரோட்டாரும் புதிய காற்றைப் பெற்று வலுவாகிவிடுவதால், இடது பெடலில் வைத்திருந்த அழுத்தம் தேவைக்கு மிஞ்சிவிடுகிறது. அதனால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. ஆக, கை கால்களின் வரிசை இதுதான்: அதிர்வு வரும்போது சைக்ளிக்கில் சற்று இடப்பக்க அழுத்தம், பிறகு முன்பக்க அழுத்தம், இடது பெடலைத் தளர்த்துதல். காரணத்தோடு கற்ற இந்த வரிசை விரைவில் கைக்கு வந்துவிட்டது.

மூக்கு எழுவதற்கான காரணத்தைத் தனியாகச் சொல்வது நல்லது. 80 நாட் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 41 மீட்டர். அந்த வேகத்தில் பறக்கும்போது, வலப்பக்கத்தில் முன்னோக்கி வரும் பிளேடின் நுனி காற்றை 246 மீட்டர் வேகத்தில் எதிர்கொள்கிறது. இடப்பக்கத்தில் பின்னோக்கிச் செல்லும் பிளேடின் நுனியோ 164 மீட்டர் வேகத்தில். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே மற்றவை மாறாமல் இருந்தால் வலப்பக்க நுனியில் இரண்டேகால் மடங்கு தூக்குவிசை கிடைத்து ஹெலிகாப்டர் கவிழ்ந்துவிட வேண்டும். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா, ரோட்டாரை எஞ்சின் சுழற்றாத, ஹெலிகாப்டருக்கு முன்னோடியான ஆட்டோஜைரோக்களில் தம் தொடக்க முயற்சிகளின்போது இந்தச் சிக்கலையே எதிர்கொண்டார். பிளேடுகளை அடியில் கீல் வைத்துப் பொருத்திய பிறகே அவருடைய சி.4 என்ற ஊர்தி 1923 ஜனவரியில் ஒழுங்காகப் பறந்தது. கீல் இருப்பதால் முன்னோக்கி வரும் பிளேடு மேலே எழுகிறது. மேலே எழும் பிளேடுக்குக் காற்று இன்னும் கூடுதலாக மேலிருந்து வருவதுபோல் ஆகிறது, தாக்குகோணம் குறைகிறது. எதிர்ப்பக்கப் பிளேடு கீழே இறங்குகிறது. அதற்குத் தாக்குகோணம் கூடுகிறது. இவ்வாறு இரு பக்கமும் சமனாகின்றன. ஆர்22இல் இரண்டு பிளேடுகளும் ஊஞ்சற்பலகைபோல் ஒன்றாக அசையும் ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று எழுந்தால் மற்றது தாழும். எழுச்சி மூக்குப்பக்கத்தில் உச்சமடைவதால் வட்டம் பின்னோக்கிச் சாய்கிறது. அதனால்தான் வேகம் கூடக் கூட சைக்ளிக்கை மேலும் மேலும் முன்னே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பின்னோக்கிச் செல்லும் பிளேடின் தாக்குகோணம் இப்படிக் கூடிக்கொண்டே போனால் ஒரு வேகத்தில் அது ஸ்டால் ஆகிவிடும், அதாவது காற்று அதன் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். ஆர்22இன் உச்ச வேகம் 102 நாட் என்றும், உயரமும் வெப்பமும் கூடினால் அதைவிடக் குறைவு என்றும் வரம்பு விதித்திருப்பதை இதோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

இந்த முக்கோணத்தைக் கொண்டு விளக்க முடியாத ஓர் ஆபத்தும் உண்டு. அதையும் தவறாமல் கற்க வேண்டும். ஊஞ்சல் வகை ரோட்டார், எடையைச் சுமந்துகொண்டிருக்கும்போது மட்டுமே உடலைத் தன்னோடு சாய்க்கும். சைக்ளிக்கை வெடுக்கென்று முன்னே தள்ளி, உடல் இருக்கையிலிருந்து இலேசாகும் நிலைக்குப் போனால் ரோட்டாரில் சுமை இல்லை. வால் ரோட்டாரின் தள்ளுவிசை மட்டும் எஞ்சி, உடலை வலப்பக்கம் உருட்டும். அப்போது இடப்பக்கம் சைக்ளிக்கைக் கொடுப்பதுதான் எவருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் வட்டம் இடப்பக்கம் சாயும், உடலோ அதைப் பின்தொடராது; ரோட்டாரின் மையப்பகுதி தன்னைத் தாங்கும் தண்டின் மீதே மோதி அதை முறித்துவிடக்கூடும். முதலில் சைக்ளிக்கை மென்மையாகப் பின்னே இழுத்து ரோட்டாருக்குச் சுமையைத் திருப்பித் தந்து, அதன் பிறகே உருளலைச் சரிசெய்ய வேண்டும். ஆர்22இல் இந்நிலையை வேண்டுமென்று ஏற்படுத்திப் பார்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆர்22, ஆர்44 ஆகிய இரண்டுக்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1995இல் தனிப் பயிற்சி விதியைக் கொண்டுவந்ததற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். பறந்து கற்க முடியாத பாடம் என்பதால் தரையில் உட்கார்ந்து, காரணம் முதல் மீட்பு வரை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே இதைப் பதியவைத்துக்கொண்டேன்.

சுழல் வளைய நிலைக்கு வருகிறேன். இங்கே காற்று வரும் திசையைப் பற்றிய கேள்விக்கு உயிரின் விலை உண்டு. வேகம் ஏறக்குறைய இல்லாமல், எஞ்சின் சக்தியோடு, செங்குத்தாக இறங்கும்போது ரோட்டார் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது. கீழே போன காற்று வட்டத்தின் விளிம்பைச் சுற்றி மேலே வந்து மறுபடியும் ரோட்டாருக்குள் நுழைகிறது. இந்தச் சுற்றோட்டம் பெருகப் பெருக ரோட்டாரின் பெரும்பகுதி பயனற்ற சுழலில் சிக்கிவிடுகிறது. இறங்கும் வேகம் கூடுவதைக் கண்டு கலெக்டிவை உயர்த்தினால் சுழலுக்குத்தான் தீனி கிடைக்கும். இறக்கம் மேலும் விரைவாகும். மாணவர்களுக்குச் சொல்லித்தரும் எல்லை எளிமையானது: முன்னகர்வுத் தூக்குவிசை கிடைக்கும் வேகத்துக்குக் கீழே போய்விட்டால் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்காதீர்கள். ஆர்22இன் 7.3 மீட்டர் பாய்ச்சலை மாற்றிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 அடி வருகிறது. அதில் பாதியை நெருங்கும்போதே சுழல் தலைதூக்கத் தொடங்கும் என்பதை வைத்துப் பார்த்தால், 300 அடி என்பது போதிய இடைவெளி விட்டு வகுக்கப்பட்ட வரம்பு என்பது புரியும்.

போதிய உயரத்தில் இதை எனக்குக் காட்டியபோது நான் கவனித்தது, கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு நூலைத்தான். பறக்கும்போது விறைப்பாக மேல்நோக்கிப் படிந்து நிற்கும் அந்த நூல், வேகம் குறையக் குறைய நடுங்கி, பிறகு எந்தப் பக்கமும் இல்லாமல் துவண்டு அலைந்தது. சில வினாடிகளில் உடல் முழுவதும் ஒழுங்கற்ற குலுக்கல்; மூக்கு தானாக இப்படியும் அப்படியும் திரும்பியது; இறக்கமானியின் முள் கீழே போய்க்கொண்டே இருந்தது. பயிற்றுநர் அமைதியாகச் சைக்ளிக்கை முன்னே கொடுத்துக் கலெக்டிவைக் குறைத்தார்; நூல் மறுபடியும் விறைத்தது; குலுக்கல் நின்றது. இன்னொரு முறையில், கலெக்டிவைப் புறப்பாட்டுச் சக்தி அளவுக்கு உயர்த்தி, இடது பெடலால் திசையைக் காத்து, சைக்ளிக்கை வலப்பக்கம் கொடுத்துச் சுழலின் பக்கவாட்டில் வெளியேறுவதையும் செய்துகாட்டினார். சுவிட்சர்லாந்தின் கிளோட் வூஷார் பரவலாக்கிய அந்த முறையில் இழக்கும் உயரம் மிகவும் குறைவு. இரண்டு முறைகளின் நோக்கமும் ஒன்றே: ரோட்டாரைக் கலையாத காற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. இறங்கும் இடத்தில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது உறுதியாகத் தெரியாமல் செங்குத்தான இறக்கத்தைத் தொடங்குவதில்லை. பின்காற்றோடு வரும்போது தரை வழக்கமான வேகத்தில் நகர்வதாகவே கண்ணுக்குத் தெரியும். ரோட்டாருக்கோ காற்று வேகம் பூச்சியமாகியிருக்கும்.

கடைசியாக, ரோட்டாரின் சுழல்வேகம். தூக்குவிசை சுழல்வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சுழல்வேகம் 10 விழுக்காடு குறைந்தால் தூக்குவிசை 19 விழுக்காடு குறைகிறது. ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்குகிறது. கை தன்னையறியாமல் கலெக்டிவை உயர்த்தினால் பின்னிழுவிசை கூடி, சுழல்வேகம் மேலும் விழுகிறது. இறக்கத்தால் கீழிருந்து வரும் காற்று தாக்குகோணத்தை இன்னும் கூட்டுகிறது. ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது பிளேடுகள் ஸ்டால் ஆகின்றன. அதன் பிறகு மீட்பு இல்லை. ஆர்22இல் ரோட்டாரின் சுழல்வேகம் 97 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே எச்சரிக்கை ஒலி எழும். அது எழுந்த கணத்தில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறப்பதும் கலெக்டிவை இறக்குவதும் ஒரே அசைவாக நடக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டாலும் இதே காற்றுதான் நம்மைக் காக்கிறது. ஆட்டோரொட்டேஷன் என்பது இதுதான். கலெக்டிவை உடனே முழுவதும் இறக்கினால் பிட்ச் கோணம் மிகச் சிறியதாகிறது; இறங்கும் ஹெலிகாப்டரின் ரோட்டாருக்குள் காற்று கீழிருந்து மேலே பாய்கிறது. முக்கோணத்தில் செங்குத்துக் கோடு தலைகீழாகிவிட்டது. காற்று கீழிருந்து வரும்போது தூக்குவிசை சற்று முன்னோக்கிச் சாய்கிறது. பிளேடின் நடுப்பகுதியில் இந்தச் சாய்வு பின்னிழுவிசையை வென்று பிளேடை முன்னே இழுக்கிறது. நுனிப்பகுதி இந்த ஆற்றலைச் செலவிடுகிறது. அடிப்பகுதி ஸ்டாலிலேயே இருக்கிறது. நடுப்பகுதி ஈட்டுவதும் மற்றவை செலவிடுவதும் சமனாகும் இடத்தில் ரோட்டார் நிலையாகச் சுழல்கிறது. ஆர்22இன் பிளேடுகள் இலேசானவை. கலெக்டிவை இறக்கத் தாமதிக்க ஓரிரு வினாடிகூட இல்லை.

பயிற்சியில் பயிற்றுநர் த்ராட்டிலை மூடியவுடன், ஒரே மானியில் அருகருகே நிற்கும் இரண்டு முட்களில் எஞ்சினுடையது சரிய, ரோட்டாருடையது பச்சைப் பட்டைக்குள் நிற்பதைக் காணலாம். மூக்கு இடப்பக்கம் திரும்புவதால் வலது பெடல் வேண்டும். வேகம் ஏறத்தாழ 65 நாட். தரைக்கு ஏறக்குறைய 40 அடியில் சைக்ளிக்கைப் பின்னே இழுத்தால் வட்டம் பின்னோக்கிச் சாய்ந்து கூடுதல் காற்றைக் கீழிருந்து வாங்குகிறது, இறக்கமும் வேகமும் குறைகின்றன, சுழல்வேகம் ஏறுகிறது. ஏறத்தாழ 8 அடியில் உடலைச் சமப்படுத்தி, சேமித்த சுழல்வேகத்தைக் கலெக்டிவால் செலவிட்டுத் தரையைத் தொட வேண்டும். திரும்பும்போதும் சுழல்வேகம் ஏறும். அங்கேயும் காரணம் அதேதான். இவ்வளவையும் புரிந்துகொண்ட பிறகு, ஆட்டோரொட்டேஷனின்போது என் கண் வேகமானிக்கும் ரோட்டார் முள்ளுக்கும் வெளியே உள்ள தரைக்கும் இடையே நிதானமாகச் சுற்றிவரப் பழகியது.

படிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஒவ்வொரு பறத்தலுக்கும் முந்தைய மாலையில், மறுநாள் செய்யப்போகும் பயிற்சிக்கான முக்கோணத்தைப் படிப்படியாக வரைவேன்: தொடக்கத்தில் காற்று எங்கிருந்து வருகிறது, நடுவில் எங்கிருந்து, முடிவில் எங்கிருந்து என்று. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்த நேரத்தில் இரு கைகளும் கால்களும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுவேன். மறுநாள் எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் அதைப் பயிற்றுநரிடம் சொல்லிக் காட்டுவேன். அவர் திருத்துவது பெரும்பாலும் காரணத்தைத்தான். காரணம் சரியானால் கையும் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை, என்னுடையதும் இப்போது அதுவே. பறந்து முடித்ததும், எதிர்பார்த்ததற்கு மாறாக ஹெலிகாப்டர் செய்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, அதற்கும் ஒரு முக்கோணம் வரைவேன். குறிப்பேட்டில் மிகவும் பயன்பட்ட பக்கங்கள் அவைதான்.

முதன்முறை தனியாகப் பறக்கப் போகிறவர்கள் இந்த வழக்கத்தை அன்று ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அருகிருக்கை காலியானால் எடை குறைவதால் ஹோவருக்குக் கலெக்டிவ் முன்பைவிடத் தாழ்வாகவே போதும். எடை மையம் பின்னே செல்வதால் மூக்கு வழக்கத்தைவிட மேலே நிற்கும். சைக்ளிக்கைச் சற்று முன்னே பிடிக்க வேண்டியிருக்கும். வலப்பக்கம் மட்டும் ஆள் இருப்பதால், இடது சறுக்குக்கட்டை தாழ்ந்து நிற்கும் அளவும் எழும் விதமும் பழகியதிலிருந்து மாறும். ஆட்டோரொட்டேஷனிலும் மாற்றம் உண்டு: இலேசான ஹெலிகாப்டர் மெதுவாக இறங்குவதால் கீழிருந்து வரும் காற்று குறைவு, கலெக்டிவை முழுவதும் இறக்கிய பிறகும் ரோட்டார் முள், இருவரோடு பறந்தபோது நின்ற இடத்தைவிடக் கீழேதான் நிற்கும். எனவே இருவரோடு பறக்கையில் சுழல்வேகம் மிஞ்சாமலிருக்கக் கலெக்டிவை இலேசாக உயர்த்திப் பிடித்துப் பழகிய கை, தனியே பறக்கும் நாளில் அதை அடிவரை இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.